நாள் தள்ளிப்போன பிறகு வலி மாத்திரை: எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது?

பெங்களூரு அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலில் இருந்து நடக்கிற தூரத்தில் உள்ள ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். போன வருடம் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ஒரு பெண் வந்தார். கைப்பையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்தார். ஏழெட்டு மாத்திரை அட்டைகள். எல்லாமே கத்தரிக்கோலால் வெட்டிய துண்டுகள். ஒன்றில் ‘ஃபினாக்’ என்ற கடைசி எழுத்துகள் மட்டும் மிச்சம் இருந்தன. இன்னொன்றில் விலை மட்டும். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளித்தாள்.

“அக்கா, எனக்கு ஏழு வாரம். இதுல எது சேஃப், எது சேஃப் இல்லைன்னு மட்டும் சொல்லிடுங்க. ரெண்டு கோடு வந்த அன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்திட்டேன்” என்றார்.

அவருக்கு ஆறு வருடமாக முடக்குவாதம். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று சீட்டில் எழுதுவார்களே, அது. மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. காலையில் பதினொரு மணி வரை விரல் மடங்குவதில்லை, பால் பாக்கெட்டைக் கிழிக்க முடிவதில்லை, வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டுக்காரர்தான் கிழித்துப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டுப் போகிறார் என்றார். சொல்லும்போதே கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். விரல் கணுக்கள் வீங்கிப் பளபளவென்று இருந்ததை அதற்குள் பார்த்துவிட்டேன்.

போனில் வைத்திருந்த பழைய மருந்துச் சீட்டின் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு துண்டும் என்னவென்று பொருத்திப் பார்த்தோம். அவர் நிறுத்தியதில் இரண்டு, கர்ப்ப காலத்திலும் மருத்துவர்கள் வழக்கமாகத் தொடரச் சொல்கிற மருந்துகள். கவரின் அடியில் ஒரு காகிதப் பொட்டலமும் இருந்தது. மூட்டுவலிக்கு என்று மாமியார் ஊரில் இருந்து வாங்கி வந்த பொடி. “அது மூலிகைதான் அக்கா, ஒண்ணும் பண்ணாதாம்.” அதை மட்டும் தினமும் இரண்டு வேளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தொடர்ந்திருக்கக்கூடியதை நிறுத்திவிட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத ஒன்றைத் தொடங்கியிருந்தார். அவர்மேல் தவறே இல்லை. இத்தனை வருடத்தில் யாரும் அவரை உட்காரவைத்து இதைச் சொல்லவில்லை. நான் மருத்துவர் இல்லை. யாருக்கு எந்த மருந்து என்று முடிவு செய்வது என் வேலையும் இல்லை. ஆனால் மருத்துவர் எதிரில் உட்காரும்போது அவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்று புரியவும், நீங்கள் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியவும் சில அடிப்படைகளை என்னால் சொல்ல முடியும்.

‘சேஃபா?’ என்று கேட்டால் ஏன் பதில் வராது

ஒரே மாத்திரை 8வது வாரத்தில் ஒரு மாதிரி, 30வது வாரத்தில் வேறு மாதிரி, பிள்ளை பிறந்து பால் குடிக்கும்போது இன்னொரு மாதிரி. அதனால் கேள்வியை நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: எந்த மருந்து, எந்த வாரம், எவ்வளவு, எதற்காக.

முதலில் வாரக் கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளில் இருந்து எண்ணுவதால், ‘ஏழு வாரம்’ என்றால் கரு உண்டாகிச் சுமார் ஐந்து வாரம்தான். குழந்தையின் இதயம், முதுகுத்தண்டு, கை கால் எல்லாம் உருவாவது ஏறக்குறைய 5வது வாரத்தில் இருந்து 10வது வாரத்துக்குள். அதாவது, நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று கவனித்து டெஸ்ட் வாங்க வருவதற்குள்ளேயே அந்த வேலை தொடங்கிவிடுகிறது. பிறவிக் குறை உண்டாக்கும் மருந்துகளைப் பற்றிய பேச்சைக் குழந்தைக்கு முயற்சி செய்யும் முன்பே பேசிவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். உறுப்புகள் உருவான பிறகு மருந்துகள் வேறு விதமாகப் பாதிக்கலாம்: சிறுநீரகம் வேலை செய்வது, பனிக்குட நீரின் அளவு, ரத்த ஓட்டம், பிறந்தவுடன் மூச்சும் பால் குடிப்பதும்.

கர்ப்பத்தில் மருந்து என்றாலே நம் பெரியவர்கள் பதறுவதற்கு நியாயம் உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்ற தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. மசக்கை வாந்திக்கும் கொடுத்தார்கள். 1961 நவம்பரில் அதைத் திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தன. கரு உண்டாகிச் சுமார் 20ஆம் நாளுக்கும் 36ஆம் நாளுக்கும் நடுவில் சாப்பிட்டவர்களின் குழந்தைகள்தான் பெரும்பாலும் பாதிக்கப்பட்டன. வாரம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அமெரிக்காவில் அந்த மருந்தை ஒப்புக்கொள்ளாமல் நிறுத்தி வைத்த ஃபிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரியை, மருந்தியல் படிக்கும் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு விஷயமும் மனதில் இருக்கட்டும். எந்த மருந்தும் சாப்பிடாத தாய்மார்களுக்கும் 100 பிரசவத்தில் சுமார் 3 குழந்தைகள் ஏதோ ஒரு பெரிய பிறவிக் குறையோடு பிறக்கின்றன. ஒரு மருந்தைப் பற்றி ‘ஆபத்து கூடுகிறது’ என்று படித்தால், அந்த மூன்று என்பது எத்தனையாகிறது என்று கேளுங்கள். மூன்று நான்காக மாறுவது வேறு, மூன்று பத்தாக மாறுவது வேறு.

கூகிளில் தேடினால் ‘கேட்டகரி சி’, ‘கேட்டகரி டி’ என்று வரும். அந்த ஏ, பி, சி, டி, எக்ஸ் எழுத்துகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2015இல் கைவிட்டுவிட்டது. பரீட்சை மார்க் மாதிரி ஆட்கள் அதைப் படித்துக்கொண்டார்கள், வாரமும் அளவும் நோயின் கடுமையும் அந்த ஒற்றை எழுத்துக்குள் அடங்கவில்லை என்பதே காரணம். இன்னமும் அதைக் காட்டி பயந்து கேட்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள்.

நோய்க்கு ஒரு மருந்து, வலிக்கு ஒரு மருந்து

நாள்பட்ட வலி உள்ளவர்களின் கவரில் பெரும்பாலும் இரண்டு சாதி மருந்து இருக்கும். ஒன்று நோயையே பிடித்து வைப்பது. மற்றது அன்றைய வலியை அடக்குவது. இரண்டையும் ‘வலி மாத்திரை’ என்று ஒரே பெயரில் சொல்லிப் பழகிவிட்டோம். நிறுத்தும்போதும் ஒன்றாக நிறுத்திவிடுகிறோம்.

முடக்குவாதத்தையே எடுத்துக்கொள்வோம். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் இரண்டும் கர்ப்பத்தில் தொடரத் தக்கவை என்று மூட்டுவாத நிபுணர்களின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சல்ஃபாசலசின் ஃபோலிக் அமிலம் உடம்பில் சேர்வதைக் குறைக்கும், ஆகவே ஃபோலிக் அமில மாத்திரையைக் கட்டாயம் கூடவே சாப்பிட வேண்டும். பிரெட்னிசலோனைக் குறைந்த அளவில் கொடுப்பது உண்டு. அதில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே செயலிழக்கச் செய்துவிடுவதால் குழந்தைக்குப் போவது கொஞ்சம்தான்.

மெதோட்ரெக்சேட் அப்படி இல்லை. வாரத்துக்கு ஒருநாள் சாப்பிடும் மாத்திரை அது. கருவைக் கலைக்கும், பிறவிக் குறையும் உண்டாக்கும். குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு 1 முதல் 3 மாதம் முன்பே நிறுத்தி, வேறு மருந்துக்கு மாற வேண்டும். லெஃப்லூனோமைட் இன்னும் பிடிவாதம். நிறுத்திய பின்னும் உடம்பில் மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு வருடம் வரைகூடத் தங்கும். அதை வெளியேற்றவே தனியாக ஒரு மருந்து கொடுப்பார்கள். இந்த இரண்டில் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாள் தள்ளிப்போனால், அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பயத்தில் வீட்டிலேயே ஒரு முடிவுக்கு வர வேண்டாம். சாப்பிட்ட எல்லோருக்கும் குழந்தை பாதிக்கப்படுவதில்லை. ஸ்கேன் செய்து பார்த்துத்தான் பேச வேண்டும்.

இங்கே ஒரு அழகான விஷயம் உண்டு. முடக்குவாதம் உள்ள பெண்களில் சுமார் பாதிப் பேருக்குக் கர்ப்பத்தில் வலி தானாகக் குறையும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் 1930களில் இதைக் கவனித்து, கர்ப்பத்தில் உடம்பு ஏதோ ஒன்றைச் சுரக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று தேடிப் போனார். அந்தத் தேடலின் முடிவில் 1948இல் முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார்கள். 1950இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் கடையில் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளின் கதை, வயிற்றில் பிள்ளையோடு வலி குறைந்து நடந்துபோன பெண்களிடம் இருந்தும் தொடங்குகிறது.

சரி, மீதிப் பாதிப் பேர்? அவர்களுக்கு நோயைப் பிடித்து வைக்கும் மருந்து தேவை. நோய் கொதித்துக்கொண்டே இருந்தால் குறைப்பிரசவத்துக்கும் குழந்தை எடை குறைவாகப் பிறப்பதற்கும் வாய்ப்பு கூடுகிறது. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், நடக்க முடியாமல், மனம் சோர்ந்து கிடக்கும் தாயின் வயிற்றில்தான் அந்தக் குழந்தையும் இருக்கிறது. ‘குழந்தைக்காகப் பொறுத்துக்கோ’ என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எனக்கு மிகவும் வருத்தம் தரும் வாக்கியம் அது.

அன்றைய வலிக்கு என்ன

பாராசிட்டமால்தான் முதல் மருந்து. நம் ஊரில் எல்லோர் வீட்டிலும் இருக்கும் டோலோ 650 அதுதான். அதைத் தயாரிக்கும் நிறுவனமும் பெங்களூருக்காரர்களுடையது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர், கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்ற மாதிரி பேசினார். அடுத்த சில நாள் எங்கள் கடையில் அதே பேச்சு. அதே வாரம் உலக சுகாதார நிறுவனம், அதற்கு உறுதியான சான்று இல்லை என்று அறிவித்தது. 2024இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் சுமார் 24.8 லட்சம் குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளில், பாராசிட்டமால் சாப்பிட்ட கர்ப்பத்தில் பிறந்தவரையும் சாப்பிடாத கர்ப்பத்தில் பிறந்தவரையும் ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை. ஏன் கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட வேண்டும்? மாத்திரை சாப்பிட்ட பெண்ணுக்குக் காய்ச்சலோ தீராத வலியோ இருந்திருக்கும். பரம்பரைக் காரணங்களும் இருக்கும். மாத்திரையின் விளைவு எது, மற்றதன் விளைவு எது என்று பிரித்துப் பார்க்க அது ஒரு வழி.

அதற்காக மிட்டாய் மாதிரி சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராம் மேல் எல்லை. எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ இன்னும் குறைவு. தேவையான அளவு, தேவையான நாள் மட்டும். கவனிக்க வேண்டியது கூட்டு மாத்திரைகள். சளி மாத்திரையில் பாராசிட்டமால் இருக்கிறது. அல்ட்ராசெட், ஜீரோடால் பி என்ற வலி மாத்திரைகளிலும் இருக்கிறது. மூன்று பெயரில் ஒரே மருந்தை ஒரே நாளில் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சன், மெஃபனாமிக் அமிலம், எட்டோரிகாக்சிப் குடும்பம். இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், நம் கடைகளில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கப்படுவது பெரும்பாலும் இதுதான். காம்பிஃப்ளாம் என்றால் ஐபுப்ரோஃபென்னும் பாராசிட்டமாலும். மாதவிலக்கு வலிக்குப் பழக்கமான மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபனாமிக் அமிலம். அந்தப் பெண் கொண்டுவந்த ‘ஃபினாக்’ துண்டு அசிக்ளோஃபினாக்.

இந்த மருந்துகள் எல்லாம் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் உண்டாவதைத் தடுக்கின்றன. வீக்கமும் வலியும் குறைவது அதனால்தான். ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அந்தப் பொருள் வேண்டும். ஏறக்குறைய 20வது வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். புராஸ்டாகிளாண்டின் குறைந்தால் குழந்தையின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும், நீர் வற்றும். அதனால்தான் 2020 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 20வது வாரத்தில் இருந்து இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று எச்சரித்தது.

இன்னொரு காரணமும் உண்டு. வயிற்றில் இருக்கும்வரை குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ரத்தம் நுரையீரலுக்குள் போகாமல் சுற்றிப்போக டக்டஸ் ஆர்டீரியோசஸ் என்ற சின்னக் குழாய் இருக்கிறது. பிறந்த பிறகு அது தானாக மூடிக்கொள்ளும். அதுவரை அதைத் திறந்து வைத்திருப்பதும் புராஸ்டாகிளாண்டின்தான். சுமார் 30வது வாரத்துக்குப் பிறகு இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டால் குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளக்கூடும், குழந்தையின் இதயம் திணறும். இதே குணத்தை மருத்துவர்கள் நல்லதற்கும் பயன்படுத்துகிறார்கள். குறைமாதத்தில் பிறந்து, அந்தக் குழாய் மூடாமல் கஷ்டப்படும் குழந்தைக்கு அதை மூடவைக்கக் கொடுக்கும் மருந்துகளில் ஐபுப்ரோஃபென்னும் ஒன்று.

குழந்தைக்கு முயற்சி செய்யும் மாதங்களில் இவற்றைத் தினமும் சாப்பிட்டால் சிலருக்கு முட்டை வெளிவருவது தடைபடலாம். கரு நிற்கத் தாமதமானால் இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் மாதங்களில் அவர் சொல்லாமல் சாப்பிட வேண்டாம். பூசுகிற ஜெல்லும் இதே கணக்குதான். வோலினி போன்றவற்றில் இருப்பது டைக்ளோஃபினாக். தோல் வழியாக உள்ளே போவது குறைவு என்றாலும் போகிறது. தெரியாமல் ஒன்றிரண்டு மாத்திரை சாப்பிட்டுவிட்டேனே என்று இரவெல்லாம் அழுதுவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்வது: மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், எந்த வாரம், எத்தனை என்று சொல்லுங்கள். தேவையென்றால் ஸ்கேனில் நீரின் அளவைப் பார்ப்பார்கள்.

ஒரு விலக்கு இருக்கிறது. ஈகோஸ்ப்ரின் 75 அல்லது 150 என்று மகப்பேறு மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அது வலிக்கானது இல்லை. ரத்தக்கொதிப்புச் சிக்கல் வராமல் தடுக்கக் கொடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின். ‘ஆஸ்பிரின் ஆகாதாமே’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நரம்பு வலி, ஒற்றைத் தலைவலி, டிரமடால்

ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்கப் பரவும் நாள்பட்ட வலி), நரம்பு வலி உள்ளவர்களுக்குப் பிரகாபலின் எழுதுவது சகஜம். முதல் மூன்று மாதங்களில் அதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் பிறவிக் குறை சற்று அதிகம் என்று நார்டிக் நாடுகளின் ஆய்வு காட்டியது. 2022இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை எச்சரிக்கையாக வெளியிட்டது. அந்த ஆய்வில் மருந்து இல்லாத கர்ப்பங்களில் 100க்கு சுமார் 4, சாப்பிட்டவர்களில் சுமார் 6. நான் முன்பு சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் நீண்ட காலமாகப் புழக்கத்தில் உள்ளது, பல மருத்துவர்கள் அதற்கு மாற்றுவார்கள்.

ஒற்றைத் தலைவலி வராமல் இருக்கத் தினமும் வால்புரோயேட் அல்லது டோபிரமேட் சாப்பிடும் பெண்கள், குழந்தை வேண்டும் என்ற எண்ணம் வந்த அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வால்புரோயேட் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் 10 பேரில் ஒருவருக்குப் பிறவிக் குறை, 10 பேரில் மூன்று நான்கு பேருக்கு மனவளர்ச்சியில் சிக்கல் வருகிறது. டோபிரமேட் உதடு, அண்ணப் பிளவுக்கு வாய்ப்பைக் கூட்டுகிறது. ஒற்றைத் தலைவலிக்குப் போடும் எர்காட் வகை மாத்திரைகள் கர்ப்பத்தில் கூடவே கூடாது.

டிரமடால், கோடீன் போன்ற ஓபியாய்டுகளை (அபின் வகை வலி மருந்துகளை) மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்தால் பிறந்த குழந்தைக்கு நடுக்கம், ஓயாத அழுகை, பால் குடிக்க மறுப்பது என்று சில நாள் இருக்கலாம். மருத்துவமனையில் வைத்துக் கவனித்தால் சமாளிக்கக் கூடியதுதான். ஆனால் இதைக் கேட்டுவிட்டுத் திடீரென நிறுத்துவது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், மருத்துவர் கைபிடித்தபடி. 2018 முதல் டிரமடால் நம் நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால் சீட்டு இல்லாமல் கடையில் கேட்காதீர்கள். சீட்டு வைத்திருப்பவர்கள் கூனிக்குறுகவும் வேண்டாம்.

அந்தப் பொடி

மூட்டுவலிக்கு விற்கும் பெயரில்லாப் பொடிகளையும் உருண்டைகளையும் ஆய்வகத்தில் பார்த்தபோது, சிலவற்றில் ஸ்டீராய்டும் வலி மருந்தும் கலந்திருந்தது பலமுறை தெரியவந்திருக்கிறது. இரண்டே நாளில் ‘அற்புதமாகக் கேட்கும்’ பொடி என்றால் எனக்கு முதலில் வருவது அந்தச் சந்தேகம்தான். சில பஸ்பங்களில் ஈயமும் பாதரசமும் உண்டு. ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளைக்குப் போகும். 2011-12இல் நியூயார்க் நகரில், இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மருந்து சாப்பிட்ட 6 கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததை அங்குள்ள சுகாதாரத் துறை பதிவு செய்திருக்கிறது. சித்தமோ ஆயுர்வேதமோ, படித்த மருத்துவர் கர்ப்பம் என்று தெரிந்தே எழுதிக் கொடுப்பது ஒரு விஷயம். பெயரும் இல்லாமல் தேதியும் இல்லாமல் பொட்டலத்தில் வருவது வேறு. மாமியார் அன்பாகத்தான் வாங்கி வந்தார். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, பொட்டலத்தைக் கையோடு மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள் என்றேன்.

யாரிடம், எப்படிச் சொல்வது

மகப்பேறு மருத்துவர் ஒருபக்கம், வலிக்கு மருந்து எழுதும் மருத்துவர் ஒருபக்கம். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போவதுதான் நான் பார்க்கும் பெரிய ஓட்டை. இங்கே கர்நாடகத்தில் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுகிறவர்களுக்குத் தாயி கார்டு (கர்ப்பிணியின் விவரங்களை எழுதும் அட்டை) கொடுப்பார்கள். அதிலேயே நாள்பட்ட நோயையும் எல்லா மருந்தின் பெயரையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது, 2016இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் அது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. கன்னடத்திலும் வலிக்கு ‘நோவு’ என்றே சொல்கிறார்கள், அதனால் தயங்காமல் நோவு என்று தொடங்கலாம். ஆனால் வெறுமனே நோவு என்று நிறுத்தாதீர்கள். நம்மிடம் எத்தனை வார்த்தை இருக்கிறது: குடைச்சல், குத்தல், இழுப்பு, எரிச்சல், சுருக்கென்று ஓடுவது, பிடித்துக்கொள்வது. எரிச்சலும் சுருக்கென்று ஓடுவதும் நரம்பு பக்கம் யோசிக்க வைக்கும். காலையில் விறைத்து, போகப் போக இளகுவது மூட்டு அழற்சியைக் காட்டும். எழுந்து எவ்வளவு நேரம் கழித்து விரல் மடங்கியது என்று மணிக்கணக்காகச் சொன்னால் மருத்துவர் மருந்தின் அளவை அதை வைத்தே பேச முடியும். அந்தப் பெண்ணின் ‘பால் பாக்கெட் கிழிக்க முடியவில்லை’ என்பது எந்த ரிப்போர்ட்டையும்விடத் தெளிவான தகவல்.

இடுப்பும் முதுகுத்தண்டும் இறுகும் நோய் உள்ளவர்கள், முதுகில் ஊசி போட்டு மயக்கம் கொடுப்பது சாத்தியமா என்று மயக்க மருந்து நிபுணரிடம் ஏழாவது எட்டாவது மாதத்திலேயே பேசிவிடுவது நல்லது. பிரசவ வலி வந்த பிறகு பேசும் பேச்சு இல்லை அது.

மருந்தில்லா உதவிகளும் இருக்கின்றன: பிசியோதெரபி, இடுப்புப் பெல்ட், முழங்காலுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுப்பது, இளஞ்சூட்டு ஒத்தடம். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பது, குறிப்பாக முதல் மாதங்களில், வேண்டாம். வலியால் மனம் உடைந்து போனால் அரசின் டெலி மானஸ் எண் 14416க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

வலிக்குப் பழகிப்போனவர்களுக்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது. புதிதாக வரும் வலியையும் பழைய வலி என்று தள்ளிவிடுவார்கள். 20வது வாரத்துக்குப் பிறகு வழக்கத்துக்கு மாறான கடும் தலைவலி, கண் மங்குவது, வலது மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, விட்டுவிட்டு ஒழுங்காக வரும் முதுகுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்: இவற்றில் எதுவென்றாலும் மாத்திரை தேடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு

கர்ப்பத்தில் அடங்கியிருந்த முடக்குவாதம், பிரசவம் ஆன சில மாதங்களில் திரும்பப் பாய்ந்து வருவது சகஜம். பிள்ளையைத் தூக்க வேண்டிய நேரத்தில் மணிக்கட்டு ஒத்துழைக்காது. அதற்கான மருந்துத் திட்டத்தைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தின் பின்பாதியில் ஆகாது என்ற ஐபுப்ரோஃபென், தாய்ப்பாலில் மிக மிகக் குறைவாகவே கலக்கிறது. பாலூட்டும் தாய்மார்களுக்குப் பாராசிட்டமாலோடு அதையும் வழக்கமாகக் கொடுக்கிறார்கள். டிரமடாலும் கோடீனும் தலைகீழ். சில பெண்களின் உடம்பு அவற்றை மிக வேகமாக வீரியமுள்ள பொருளாக மாற்றிவிடுவதால், பால் குடிக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரலாம் என்று 2017இல் அமெரிக்க அமைப்பு எச்சரித்திருக்கிறது. மெதோட்ரெக்சேட் பாலூட்டும்போதும் வேண்டாம்.

அந்தப் பெண் பிள்ளை பெற்று, தாய்வீட்டில் இருந்து திரும்பி வந்து, மூன்றாம் மாதத்தில் கடைக்கு வந்தார். விரல் மறுபடி வீங்கியிருந்தது. மருத்துவர் எழுதிய சீட்டை நீட்டி, “பத்து மாத்திரை போதும், ஆனா முழு அட்டையா குடுங்க அக்கா, பேரு தெரியணும்” என்றார். அட்டையில் 15 இருந்தது. பத்தை வெட்டிப் பெயர் இருக்கும் பக்கத்தை அவரிடம் கொடுத்தேன். மிச்சம் ஐந்து இருந்த துண்டின் கவரில் மருந்தின் பெயரையும், எத்தனை மில்லிகிராம் என்பதையும், முடியும் தேதியையும் தமிழில் எழுதி உள்ளே வைத்தேன்.